இனிப்பு என்றொரு வசை

நம் சிற்றிதழ்ச் சூழலில் ரெகே இசை குறித்து எழுதப்படும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. கட்டுரை கிங்ஸ்டன் நகரத்துச் சேரியில் தொடங்கும். அடிமைக் கப்பல்களைத் தொட்டுச் செல்லும். பாப் மார்லியின் சடைமுடியில் வந்து நிலைகொள்ளும். இடையே பீட்டர் டோஷுக்கு ஒரு பத்தி, பர்னிங் ஸ்பியருக்கு ஒரு வரி. இங்கிலாந்துப் பக்கம் திரும்பினால் லிண்டன் குவெசி ஜான்சனின் கவிதைக்கு ஒரு வணக்கம். எதிர்ப்பு, விடுதலை, விளிம்புநிலை ஆகிய மூன்று சொற்களோடு கட்டுரை முடிந்துவிடும். இந்த வாய்பாட்டின் மீது நமக்குப் பெரிய பகை ஏதுமில்லை. அது விட்டுச்செல்வதன் மீதுதான் பகை. விடுவதை மறதியால் விடாமல், ஒரு தீர்ப்பு எழுதிவிட்டு விடுகிறார்களே, அதன் மீது இன்னும் கூடுதலான பகை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றிருந்தோம். பேச்சு இசைக்குத் திரும்பியது. லண்டனில் எழுபதுகளில் பிறந்த 'லவர்ஸ் ராக்' என்னும் ரெகே வகையை நாம் குறிப்பிட்டோம். மூத்த நண்பர் ஒருவர் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "அது ரெகே இல்லீங்க. ரெகேக்கு மேல ஊத்தின சர்க்கரைப் பாகு. பள்ளிக்கூடப் பொண்ணுங்க பாடின காதல் பாட்டு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். நாமும் சிரித்தோம். வகுப்பறையில் நாமே ஒருமுறை ஏறத்தாழ அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறோம் என்பது வீடு திரும்பும் வழியில் நினைவுக்கு வந்தது. ஆகவே இக்கட்டுரை அந்த நண்பருக்கு எழுதிய மறுப்பு மட்டுமன்று. நம் பழைய வாக்கியத்தை நாமே திரும்பப் பெற்றுக்கொள்ளும் முயற்சியும்கூட.

பள்ளிக்கூடப் பெண்கள் என்று அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையிலிருந்தே தொடங்குவோம்.

1977. தெற்கு லண்டன். பாலின் கேட்லின், கேரன் வீலர், கேரல் சிம்ஸ் என்னும் மூன்று கறுப்பினச் சிறுமியர் 'பிரௌன் சுகர்' என்ற பெயரில் ஒரு குரலிசைக் குழுவாகச் சேர்ந்திருந்தனர். 1963இல் பிறந்த கேரன் வீலருக்கு அப்போது 14 வயது. பிராக்லிப் பகுதியில் டென்னிஸ் ஹாரிஸ் என்பவர் ஒரு சிறு இசைத்தட்டு நிறுவனம் நடத்திவந்தார். அங்கே டென்னிஸ் போவெலும், கிதார் கலைஞரும் இசையமைப்பாளருமான ஜான் கபியாயேவும் அவரோடு பணியாற்றினர். ஹாரிஸ் புதிதாகத் தொடங்கிய தட்டு வரிசைக்கு 'லவர்ஸ் ராக்' என்று பெயர். காதலரின் அசைவு என்று பொருள் கொள்ளலாம். அவ்வரிசையின் தொடக்க வெளியீடுகளுள் ஒன்று, இச்சிறுமியர் பாடிய 'ஐ'ம் இன் லவ் வித் எ டிரெட்லாக்ஸ்'. சடைமுடிக்காரன் ஒருவனைக் காதலிக்கிறேன் என்பது தலைப்பின் பொருள். தட்டின் மேல் ஒட்டிய அந்தப் பெயரே பின்னர் ஓர் இசை வகையின் பெயராயிற்று. ஓர் இசை மரபுக்குப் பெயர் வந்த இடத்திலேயே இந்த மூவரின் குரலும் நிற்கிறது. ஆயினும் அந்த மரபின் வரலாறு எழுதப்படும்போது மூவரும் ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றனர். பல வேளைகளில் அந்த ஒரு வரியும் கிடைப்பதில்லை.

குழுவின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். 1971இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் இதே தலைப்பில் ஒரு பாட்டை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றனர். கறுப்பினப் பெண்ணைச் சுவைக்கும் பண்டமாக்கிய பாட்டு அது. ஆறாண்டு கழித்து, அங்கே பண்டமாகக் கிடந்த சொல் இங்கே பாடுகிறவர்களின் பெயராயிற்று. இனிப்பு என்று ஏளனம் செய்வோர் முதலில் இந்த இடமாற்றத்தைக் கவனிக்க வேண்டும்.

லவர்ஸ் ராக் வானத்திலிருந்து விழவில்லை. 1975இல் லூயிசா மார்க் என்னும் பதின்வயதுப் பெண், போவெலின் மடும்பிக் குழு வாசிக்க, 'காட் யூ இன் எ லை' என்ற பழைய அமெரிக்கச் சோல் பாட்டை ரெகே நடையில் பாடினார். அப்பாட்டு லண்டனின் கறுப்பினக் குடியிருப்புகளில் பரவிய வேகம், ஒரு புதிய கேட்போர் கூட்டம் உருவாகியிருப்பதைக் காட்டியது. கரீபியன் தீவுகளிலிருந்து ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்து குடியேறிய தொழிலாளர்களின் பெண்மக்கள் அவர்கள். இங்கிலாந்திலேயே பிறந்தவர்கள், அல்லது கைக்குழந்தைகளாக வந்தவர்கள். கிங்ஸ்டனிலிருந்து இறக்குமதியான ரெகேயில் அவர்களுக்குப் பங்கு குறைவு. அங்கே இறைத்தூதர் தொனியில் பேசியவர்களும் ஆண்கள். ஒலிபெருக்கி அடுக்குகளோடு ஊர் சுற்றிய சவுண்ட் சிஸ்டங்களை நடத்தியவர்களும் ஆண்கள். இப்பெண்கள் பாடும்போது முதன்முறையாகப் பிரிட்டனுக்கே உரிய ஒரு ரெகே பிறந்தது. அதன் ஆங்கில உச்சரிப்பு லண்டனுடையது. அதன் கூட்டுக்குரல் அமைப்பு பிலடெல்பியாவிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் வந்த சோல் இசையிடம் கற்றது. அதன் அடித்தாளம் ஜமைக்காவினுடையது.

இனிக் குற்றச்சாட்டுகளுக்கு வருவோம்.

முதல் குற்றச்சாட்டு: இவை அரசியலற்ற காதல் பாட்டுகள். நல்லது, எந்த நகரத்தில், எந்த ஆண்டில்? 1977 ஆகஸ்டு 13ஆம் நாள், இனவெறிக் கட்சியான நேஷனல் ஃப்ரண்ட் நியூ கிராஸிலிருந்து லூயிஷம் நகர்மையம் நோக்கி ஊர்வலம் கிளம்பியது. ஆயிரக்கணக்கான மக்கள் தெருவில் இறங்கி அதை எதிர்த்தனர். 'லூயிஷம் போர்' என்று இன்றும் வழங்கப்படும் நிகழ்வு அது. டென்னிஸ் ஹாரிஸின் நிறுவனம் இயங்கிய பிராக்லி, நியூ கிராஸை ஒட்டிய பகுதி. அதே லூயிஷம் வட்டாரத்தைச் சேர்ந்தது. அந்நாளில் 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டப் பிரிவு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தேகம் என்ற ஒரே காரணத்தால் கறுப்பின இளைஞரைக் காவலர் தெருவில் பிடித்துச் செல்வர். 1981இல்தான் அப்பிரிவு நீக்கப்பட்டது. அண்ணனோ தம்பியோ காதலனோ இரவு வீடு திரும்புவானா என்று கதவைப் பார்த்திருந்த வீடுகளிலிருந்துதான் இப்பாடகியர் வந்தனர்.

அத்தகைய ஊரில் ஒரு பள்ளி மாணவி சடைமுடிக்காரனைக் காதலிக்கிறேன் என்று அறிவிப்பதற்குப் பொருள் என்ன? ராஸ்தஃபாரி நெறியினரைக் காவலர் குற்றவாளிகளாகப் பார்த்தனர். ஞாயிறு தவறாது தேவாலயம் செல்லும் கரீபியன் பெற்றோரோ குடும்ப மானத்தைக் கெடுப்பவர்களாகப் பார்த்தனர். அரசும் பெற்றோரும் ஒருசேர வெறுத்த ஓர் உருவத்தை, அன்புக்குரிய உருவமாக ஒரு சிறுமியின் குரல் மாற்றுகிறது. முழக்கத்தால் செய்ய முடியாத வேலை இது. வெறுக்கப்படுபவனுக்காக நியாயம் பேசுவது ஒரு படி. அவனை விரும்பத்தக்கவன் என்று சொல்வது அதற்கு மேற்பட்ட படி. இரண்டாவதைச் செய்தவர்களை நாம் அரசியலற்றவர்கள் என்கிறோம்.

இந்த ஒரு பாட்டோடும் அவர்கள் நிற்கவில்லை. 'பிளாக் பிரைட்' என்னும் பாட்டு தம் தோலின் நிறத்தைப் பெருமையோடு ஏற்பது. 'அவர் ரெகே மியூசிக்' இந்த இசை எமது என்று உரிமை கோருவது. 'ட்ரீமிங் ஆஃப் சயான்' ராஸ்தஃபாரியரின் வாக்களிக்கப்பட்ட நிலத்தைக் கனவு காண்பது. தலைப்புகளைப் படித்திருந்தாலே போதும், அரசியலற்ற காதல் பாட்டுக் குழு என்ற தீர்ப்பு எழுதியிருக்க முடியாது. கேட்காமலே எழுதப்பட்ட தீர்ப்பு அது.

ஓர் ஒப்பீடு செய்வோம். அதே 1977இல், அதே லண்டனில்தான் பாப் மார்லி தம் 'எக்ஸோடஸ்' தொகுப்பைப் பதிவு செய்தார். 1999இல் டைம் இதழ் அதை நூற்றாண்டின் சிறந்த இசைத்தொகுப்பாகத் தேர்ந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் என்னென்ன உண்டு? 'வெயிட்டிங் இன் வெயின்', 'டர்ன் யுவர் லைட்ஸ் டவுன் லோ' ஆகிய காதல் பாட்டுகளும் உண்டு. ஆனால் எவரும் மார்லியைச் சர்க்கரைப் பாகு என்பதில்லை. போராளியின் மென்மை என்கிறோம். முழு மனிதர் என்கிறோம். ஆண் காதலைப் பாடினால் அது அவனுடைய அரசியலுக்கு ஆழம் சேர்க்கிறது. சிறுமி காதலைப் பாடினால் அது அவளுக்கு அரசியல் இல்லை என்பதற்குச் சான்றாகிறது. ஒரே தராசில் இரண்டு படிக்கற்கள்.

நம் எதிர்வாதிகளுக்கு இன்னும் சங்கடமான செய்தி ஒன்று உண்டு. எழுபதுகளின் பிற்பகுதியில் லிண்டன் குவெசி ஜான்சனின் அரசியல் கவிதைகளுக்கு இசை வடிவம் கொடுத்தவர் யார்? டென்னிஸ் போவெல். 1979இல் வெளியான ஜான்சனின் 'ஃபோர்சஸ் ஆஃப் விக்டரி' அவர் கைவண்ணம். அதே 1979இல் ஜேனட் கே பாடிப் பிரிட்டன் பட்டியலில் இரண்டாம் இடம் வரை சென்ற 'சில்லி கேம்ஸ்' என்னும் லவர்ஸ் ராக் பாட்டை எழுதி இசையமைத்தவரும் போவெலே. ஜான்சனுக்குக் கிதார் வாசித்த ஜான் கபியாயேதான் பிரௌன் சுகர் குழுவோடு பணியாற்றியவரும். அரசியல் ரெகே, காதல் ரெகே என்ற சுவரை அதை உருவாக்கிய கலைஞர்கள் எழுப்பவில்லை. ஒரே கை, ஒரே தாளக்கட்டு, ஒரே தெரு. சுவர் எழுப்பியவர்கள் விமர்சகர்கள்.

அதே ஆண்டு போவெல் 'தி ஸ்லிட்ஸ்' என்னும் குழுவின் 'கட்' தொகுப்பையும் தயாரித்தார். ரெகே தாளத்தைக் கையாண்ட இளம் வெள்ளையினப் பெண்களின் பங்க் குழு அது. இசை வரலாறுகளில் அத்தொகுப்பு ஒரு பெண்ணியப் புரட்சி என்று கொண்டாடப்படுகிறது. கொண்டாடட்டும், அதற்குத் தகுதியானதே. ஆனால் அதே தயாரிப்பாளரோடு சில ஆண்டுகளுக்கு முன்பே பாடிய கறுப்பினச் சிறுமியரின் செயலுக்கு ஏன் அந்தச் சொல் வழங்கப்படவில்லை? சத்தமிட்டால் புரட்சி, இணைந்து இசைத்தால் இனிப்பு என்பதுதான் அளவுகோல் என்றால், அந்த அளவுகோலை முறிப்பதே விமர்சனத்தின் முதல் கடமை.

இரண்டாம் குற்றச்சாட்டு சற்று நுட்பமானது. பாட்டை எழுதியவர்கள் ஆண்கள், இசையமைத்தவர்கள் ஆண்கள், நிறுவனம் ஆணுடையது; சிறுமியர் வாயசைத்த பொம்மைகள்தாமே என்பர். இதில் பாதி உண்மை உண்டு. அந்தத் தொழிலில் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை மறைத்து எழுதினால் நாமும் வரலாற்றைத் திரித்தவராவோம். பதின்வயதுப் பெண்கள், சிறு நிறுவனங்கள், வாய்மொழி ஒப்பந்தங்கள் நிறைந்த உலகம் அது. தட்டு விற்ற அளவுக்குப் பாடியவர் கைக்குப் பணம் வரவில்லை என்று அவ்வகைப் பாடகியர் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசியிருக்கின்றனர். ஆனால் அச்சுரண்டலைக் காரணம் காட்டி அவர்களுக்குக் கலைஞர் என்னும் தகுதியையும் மறுப்பது, ஒருமுறை பறிகொடுத்தவரிடம் இரண்டாம் முறை பறிப்பதாகும். மூன்று குரல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஒன்று மேலேறும்போது மற்றிரண்டும் கீழே தாங்கிப் பிடிக்கும் அந்தக் கூட்டிசையை எந்தத் தயாரிப்பாளரும் அவர்களுக்காகப் பாடிவிட முடியாது. பாட்டின் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்து யாருடையதாகவும் இருக்கலாம். காதில் விழும் குரல் அந்தச் சிறுமியருடையது.

மூன்றாம் குற்றச்சாட்டு: பல பாட்டுகள் அமெரிக்கப் பாட்டுகளின் மறுபாடல்கள்; சில பதிவுகளில் சுருதி ஆடுகிறது; சொற்கள் எளியவை. ஒப்புக்கொள்கிறோம். பிரௌன் சுகர் பாடிய 'ஹலோ ஸ்ட்ரேஞ்சர்' 1963இல் பார்பரா லூயிஸ் பாடியதுதான். லவர்ஸ் ராக் என்ற பெயரில் வந்ததனைத்தும் மாணிக்கம் என்று வாதிட நாம் வரவில்லை. அவசரத்தில் ஒட்டிய மலிவுச் சரக்கும் அதில் உண்டு. ஆனால் மறுபாடலே குற்றம் என்றால் ஜமைக்க ரெகேயின் பாதியைத் தூக்கியெறிய வேண்டும். ஒரே தாளக்கட்டின் மேல் பத்துப் பேர் பத்துப் பாட்டுப் பாடுவதே அந்த மரபின் இயல்பு. பழைய பாட்டைப் புதிய வாயில் வைப்பது அங்கே திருட்டாகாது. அதுதான் மரபு தொடரும் வழி.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் தனியான ஒரு வெட்கம் இருக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். அகம், புறம் என்று வாழ்வை இரண்டாகப் பகுத்து, இரண்டையும் சம தகுதியோடு வைத்த இலக்கணம் நம்முடையது. அகப்பாட்டு புறப்பாட்டை விடக் கீழானது என்று நம் மரபு ஒருபோதும் சொல்லவில்லை. ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றிலும் பாடினார், குறுந்தொகையிலும் பாடினார். ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் தாயைப் பாடியபோது அவர் அரசியல் கவிஞர், தலைவனுக்குக் காத்திருக்கும் பெண்ணைப் பாடியபோது மிட்டாய்க்காரி என்று நாம் சொல்வோமா? இவற்றை வகுப்பறையில் விளக்கி மாணவரிடம் மதிப்பெண் வாங்கச் செய்யும் நாமே, பிராக்லியில் ஒலித்த அகப்பாட்டைக் கேட்டவுடன் புறம் எங்கே என்று கேட்கிறோம். படித்தது நூலோடு நின்றுவிட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அகப்பாட்டில் தலைவன் பெயரும் தலைவி பெயரும் சுட்டப்படுவதில்லை; அது மரபு. ஆனால் பாடியவர் பெயரைக் காப்பாற்ற நம் முன்னோர் எவ்வளவு பாடுபட்டனர்! பெயர் அறியாதபோது பாட்டின் தொடரையே பெயராகச் சூட்டிச் செம்புலப்பெயனீரார் என்று வழங்கினர். பெயர் தொலைந்துபோன புலவருக்கே பெயர் தந்த மொழியில் எழுதும் நாம், பெயர் தெளிவாகத் தெரிந்த மூன்று பாடகியரை 'சில பள்ளிப் பெண்கள்' என்று எழுதிக் கடக்கிறோம்.

அந்தப் பள்ளிப் பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்பவர் குறைவு. எண்பதுகளின் தொடக்கத்தில் குழு கலைந்தது. ஒரு பருவத்துக் குமிழி, வெடித்துவிட்டது என்பதே வழக்கமான முடிவுரை. உண்மை வேறு. கேரன் வீலர், கிளாடியா ஃபோன்டெயினுடன் சேர்ந்து 'அஃப்ரோடிசியாக்' என்னும் பின்குரல் குழுவில் பாடினார். எல்விஸ் காஸ்டெல்லோவின் 1983ஆம் ஆண்டுப் பாட்டான 'எவ்ரிடே ஐ ரைட் தி புக்'கில் பின்னிருந்து ஒலிப்பவை அவர்கள் குரல்களே. 1984இல் ஸ்பெஷல் ஏகேஏ குழு வெளியிட்ட 'நெல்சன் மண்டேலா' பாட்டை நினைவிருக்கிறதா? தென்னாப்பிரிக்கச் சிறையில் இருந்தவரின் பெயரைப் பிரிட்டனின் நடன அரங்குகளுக்குள் கொண்டுசென்ற பாட்டு. அரசியல் பாட்டுகளின் பட்டியல் போடும் நம் நண்பர்கள் தவறாமல் குறிப்பிடும் பாட்டு. அதன் கூட்டுக்குரலில் அஃப்ரோடிசியாக் இருக்கிறது. சர்க்கரைப் பாகு என்று அவர்கள் தள்ளிய குரலைத்தான், பெயர் தெரியாமல் புரட்சி என்று ரசித்துக்கொண்டிருந்தனர்.

1989இல் 'சோல் டு சோல்' குழு வந்தது. அதுவும் சவுண்ட் சிஸ்டமாகத் தொடங்கிய லண்டன் குழுதான். 'கீப் ஆன் மூவின்', 'பேக் டு லைஃப்' ஆகிய இரு பாட்டுகளிலும் முதன்மைக் குரல் கேரன் வீலருடையது. 'பேக் டு லைஃப்' பிரிட்டன் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. 1990இல் கிராமி விருது பெற்றது. புதிய பிரிட்டிஷ் கறுப்பிசை பிறந்துவிட்டது என்று இதழ்கள் எழுதின. பிறந்ததா? 14 வயதில் பிராக்லியில் பழகிய குரல், 26 வயதில் உலகத்தின் காதுக்கு எட்டியது, அவ்வளவே. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கணக்கில் கொள்ளாதவர்களுக்கு எல்லாமே திடீரென்று பிறந்ததாகத்தான் தோன்றும். 1990இல் அவர் வெளியிட்ட தனித்தொகுப்பின் பெயர் 'யூகே பிளாக்'. 'பிளாக் பிரைட்' பாடிய குழுவின் சிறுமி, வளர்ந்தபின் அதே சிந்தனையைத் தன் தொகுப்பின் நெற்றியில் எழுதினார்.

கேரல் சிம்ஸ் 'கோஃபி' என்னும் பெயரில் மேட் புரொஃபசரின் அரிவா நிறுவனத்தில் பாடினார். 1989இல் வெளிவந்த அவருடைய தொகுப்பின் பெயர் 'பிளாக்... வித் சுகர்'. கறுப்பும் சர்க்கரையும் ஒரே தலைப்பில். பழைய குழுவின் பாட்டுகளை வளர்ந்த பெண்ணின் குரலில் அவர் மீண்டும் பாடினார். மக்கா பியுடன் சேர்ந்து மண்டேலாவைப் போற்றியும் பாடினார். பாலின் கேட்லின் 'ஷெசகீல்' என்னும் பெயரில் இசைத்தட்டு வெளியிட்டார். மூவருள் எவரும் குமிழி அல்லர். பதின்வயதில் சொன்ன சொல்லை அவர்கள் பிற்பாடு கைவிடவுமில்லை.

பிறகு ஏன் வரலாறு அவர்களைத் தவறவிட்டது? விடை எளியது, கசப்பானது. தேசியப் பட்டியலுக்குக் கணக்கெடுக்கப்பட்ட கடைகள் வேறு. கறுப்பினத்தவர் தட்டு வாங்கிய கடைகள் பெரும்பாலும் வேறு. ரெகே கடைகளில் வாரக்கணக்கில் விற்றுத் தீர்ந்த தட்டுகள் அந்தப் பட்டியலில் தலைகாட்டவில்லை. எண்ணப்படாதது இருந்ததாகவே கருதப்படவில்லை. ஆனால் அவர்களது இசையின் பெயர் மட்டும் எண்ணப்பட்டது. 1979இல் 'தி கிளாஷ்' குழு தம் பாட்டொன்றுக்கு 'லவர்ஸ் ராக்' என்று பெயரிட்டது. 2000இல் ஷாடே தம் தொகுப்புக்கு அதே பெயரிட்டார். பெயர் உலகம் சுற்றியது. பெயருக்குரிய சிறுமியர் வீட்டிலேயே விடப்பட்டனர்.

கடைசியாக, இதில் பணயமாக இருப்பது என்ன என்பதையும் சொல்லிவிடுவோம். இசை ரசனை குறித்த சண்டை மட்டுமென்றால் இத்தனை பக்கம் தேவையில்லை.

நகரின் கேளிக்கை விடுதிகள் பல கறுப்பின இளைஞரை வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது. ஆகவே அவர்கள் வீடுகளில் கூடினர். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, ஒலிபெருக்கிகளை அடுக்கி, விடியும்வரை ஆடினர். லவர்ஸ் ராக் அந்த வீட்டுக் கூடங்களின் இசை. பகலெல்லாம் தெருவில் நிறுத்தி விசாரிக்கப்பட்ட உடல், இரவில் இன்னோர் உடலின் தோளில் சாய்ந்து அச்சமின்றி அசைய ஓர் அறை வேண்டியிருந்தது. 1981 ஜனவரி 18ஆம் நாள் நியூ கிராஸ் சாலையில் ஒரு வீட்டில் பிறந்தநாள் விருந்து நடந்துகொண்டிருந்தபோது தீப்பற்றியது. கறுப்பின இளையோர் 13 பேர் மாண்டனர். அரசும் பெரும்பாலான இதழ்களும் காட்டிய மௌனத்தை எதிர்த்து, மார்ச் 2ஆம் நாள் ஏறத்தாழ 20,000 பேர் லண்டன் தெருக்களில் நடந்தனர். அந்த ஊர்வலத்தை அரசியல் என்கிறோம். அந்த விருந்தை என்னவென்போம்? தங்களுக்கென ஓர் அறையும், அதில் ஓர் இரவு மகிழ்ச்சியும் வேண்டும் என்ற விருப்பம் அரசியல் இல்லையென்றால், அந்த 13 பேரின் சாவுக்காக நடந்தவர்கள் எதற்காக நடந்தார்கள்? சாவு வந்த பின்னரே அந்த வாழ்வை மதிப்போம் என்பது, போராளிகளை அன்றிப் பிணங்களை மட்டும் வணங்கும் பழக்கம்.

2011இல் மெனெலிக் ஷபாஸ் இவ்விசை குறித்து ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2018இல் சோல் ஜாஸ் நிறுவனம் பிரௌன் சுகரின் 1977 முதல் 1980 வரையிலான பாட்டுகளை ஒரே தொகுப்பாக வெளியிட்டது. 2020இல் ஸ்டீவ் மெக்வீன் 'லவர்ஸ் ராக்' என்ற பெயரிலேயே ஒரு வீட்டு நடன இரவைப் படமாக்கினார். இசை நின்றபின்னும் கூடியிருந்தோர் 'சில்லி கேம்ஸ்' பாட்டை விடாமல் பாடிக்கொண்டேயிருக்கும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள், சர்க்கரைப் பாகு என்ற சொல்லை மீண்டும் உச்சரிக்கச் சற்றேனும் தயங்குவர். தேடினால் கிடைக்கும் நிலையில்தான் இவை இருக்கின்றன. தெரியாது என்று சொல்லும் வசதி நமக்கு இனி இல்லை.

தேநீர்க் கடை நண்பரிடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை ரெகே குறித்து எழுதும்போது, மார்லிக்குக் கொடுக்கும் பத்துப் பக்கத்தில் ஒன்றையும் குறைக்க வேண்டாம். பதினோராம் பக்கம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் 'சில பள்ளிப் பெண்கள்' என்று எழுத வேண்டாம். பாலின் கேட்லின், கேரன் வீலர், கேரல் சிம்ஸ் என்று எழுதுங்கள். இனிப்பு என்றும் எழுதுங்கள், மறுக்கவில்லை. வசையாக மட்டும் எழுதாதீர்கள்.